கும்பிட்டுச் சொன்ன ‘போ’

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது மூன்று, என் தங்கை இறந்த பிறகு அவளுடையது இரண்டு, ஆக வளர்த்தது ஐந்து. ஐந்தையும் படிக்க வைத்தேன். நான் மட்டும் இரண்டாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவேன். பஸ் போர்டு படிப்பேன். அதிலும் வாலாஜாபாத் என்று நீளமாக எழுதியிருந்தால் நான் படித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். ஆனாலும் சினிமாவில் முப்பது வருடம் மற்றவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது.

பிராம்ப்டிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள். தமிழ் தெரியாத நடிகருக்குக் கேமரா பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பதும், பாட்டுக்கு உதடு அசைக்கப் பழக்குவதும் நம் தொழில். இப்போது நீங்கள் போனில் பதிவு பண்ணிக் காதில் மாட்டிவிடுகிறீர்கள். நல்லதுதான். எனக்குப் பேப்பர் படிக்க வராது என்பதால் எல்லாவற்றையும் காதால் வாங்கி வாயால் கொடுத்தேன். எப்படிச் செய்வது என்பதை நீங்களே பழகிக்கொள்வீர்கள். எங்கே தப்பு வரும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் தப்பு முதல் நாளே வந்தது. அப்போது நான் துணை நடிகை. காஞ்சிபுரத்தில் ஷூட்டிங் என்றால் கல்யாணக் கூட்டத்தில் தாம்பாளம் பிடித்து நிற்பவள். அன்றைக்குப் பிராம்ப்டருக்குக் காய்ச்சல். கதாநாயகி பம்பாய்க்காரி. ஒருமுறை கேட்டால் எனக்கு எதுவும் மறக்காது என்று யாரோ போட்டுக்கொடுக்க, என்னைத் தூணுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். வசனம் சின்னதுதான். மகள் அப்பாவிடம் அழுதுகொண்டே, “அப்பா, உங்க சொல்லை நான் தட்ட மாட்டேன்” என்று சொல்ல வேண்டும். நான் சொன்னேன். அதே நேரம் காலில் கொசு கடித்தது.

கதாநாயகி கண்ணில் நீர் பொங்க, குரல் உடைந்து, “அப்பா, உங்க சொல்லை நான் தட்ட மாட்டேன். சீ, கொசுவே!” என்றாள்.

அப்பா வேடம் போட்ட பெரியவர் அசரவில்லை. அவள் தலையைத் தடவிக்கொண்டே, “பரவால்லமா, உங்கம்மாவும் என்னை அப்படித்தான் கூப்புடுவா” என்றார்.

யூனிட்டே சிரித்தது. எனக்குத்தான் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. மறுநாள் காய்ச்சல் தணிந்து வந்த அந்தப் பழைய பிராம்ப்டர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. “அந்தப் பொண்ணுக்கு எது வசனம், எது கொசுன்னு தெரியாதுமா. உன்னை நம்பி வாயைத் தொறக்குது, அவ்ளோதான்” என்றார். அவர் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சொன்னதை வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டவள் ஒழுங்காக நடந்தேனா என்றால், இல்லை. அதைச் சொல்லத்தான் டோமிங் கதைக்கு வருகிறேன்.

டோமிங் பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு நடந்தது. படத்தில் காஞ்சிபுரத்துப் பெண்ணுக்கும் கப்பலில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பையனுக்கும் கல்யாணம். பையனுடைய அப்பாவாக டோமிங். வட்ட முகம், பஞ்சு மாதிரித் தலை, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் ஷூ. என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவராக இருப்பார். கோயில் பக்கத்து மண்டபம் ஒன்றில் பந்தல் போட்டுப் பாட்டுக் காட்சி எடுக்க ஏற்பாடு. அவரை எதிர்த்துப் பாடும் பெண்வீட்டுச் சம்பந்தியாக எங்கள் கோகிலா. பிள்ளையார்பாளையத்துக்காரி, என்னோடு தாம்பாளம் பிடித்தவள், வாய்க்குப் பூட்டே கிடையாது. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் பாலமாக உதவி டைரக்டர் ஜெனிஃபர். வாலாஜாபாத்துப் பெண். என் பேத்தி வயது இருக்கும், ஆனால் ஷூட்டிங்கில் எல்லோருக்கும் எல்லோரும் அக்காதான்.

முதல் நாள் காலை. டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். டோமிங் இரண்டு கையாலும் வாங்கி, தலையைத் தாழ்த்தி, “தேங்க்யூ போ” என்றார்.

டீக்காரர் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு விறுவிறுவென்று போய்விட்டார்.

லைட்டைத் தூக்கி வந்தவர் மேல் இடித்துக்கொண்டு, “சாரி போ” என்றார். மேக்கப் போட்டவரிடம் “ஓகே போ” என்றார். பதினோரு மணிக்குள் யூனிட் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது.

“டீ குடுத்தா ‘போ’ன்றான். பவுடர் போட்டா ‘போ’ன்றான். நாம இன்னா அவன் வீட்டு வாசல்லயா நிக்கறோம்?”

“வெளிநாட்டுக்காரனாச்சே பா. தமிழ்ல கத்துக்கினு வந்தது அந்த ஒரு வார்த்தைதான் போலக்குது.”

அந்த நேரம் பார்த்துக் கோகிலா பட்டுப்புடவை சரசரக்க வந்தாள். டோமிங் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, முகம் மலரச் சொன்னார்: “குட்மார்னிங் போ, அத்தே!”

கோகிலா கையிலிருந்த தாம்பாளத்தை டங்கென்று கீழே வைத்தாள்.

“அத்தையா? யாருக்கு யாரு அத்தை? உன் தலை கொக்காட்டம் வெளுத்திருக்குது, நான் உனுக்கு அத்தையா? அதுவும் வந்ததும் வராததுமா ‘போ’ன்றே!”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ நல்ல வார்த்தை சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் கீழே குனிந்தார். “தேங்க்யூ போ!”

கோகிலா டைரக்டரிடம் போய், “தம்பி, இந்த ஆளுக்கு எதிர்ல நான் நிக்க மாட்டேன். வேற சம்பந்திய பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் முதுகைத் திருப்பி உட்கார்ந்துவிட்டாள்.

ஜெனிஃபர்தான் அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். டோமிங் வாயைப் பொத்திக்கொண்டார். காதெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு அவர் சொல்லச் சொல்ல ஜெனிஃபர் சிரிக்க ஆரம்பித்தாள்.

“அக்கா, அவங்க ஊர்ல ‘போ’ன்னா நம்ம ‘ங்க’ மாதிரி! வாங்க, சொல்லுங்கன்னு மரியாதைக்குச் சேக்கறோம்ல, அது! அத்தேன்னா அக்காவாம். அவர் சொன்னது ‘வணக்கங்க அக்கா’.”

காலையிலிருந்து மரியாதை வாங்கியவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கோகிலா மெல்லத் திரும்பி உட்கார்ந்தாள்.

“சரி, அப்ப அவங்க ஊர்ல நெஜமாவே போன்னு சொல்லணும்னா இன்னா சொல்வாங்களாம்?”

ஜெனிஃபர் கேட்டுச் சொன்னாள். “அலிஸ்.”

“அய்யய்யோ! எங்க தெருவுல ஆலிஸ் டீச்சர் இருக்குதே. பாவம், அந்த ஊருக்கு மட்டும் டூர் போவாதன்னு சொல்லிடணும்.”

அன்றிலிருந்து அவருக்கு யூனிட்டில் ‘போ சார்’ என்று பெயர். டீக்காரர் இரண்டாவது டம்ளரைத் தானே கொண்டுவந்து, “இந்தாங்க போ” என்று கொடுத்தார்.

மதியம் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்காருவோம், அவர், ஜெனிஃபர், நான். மிளகு தட்டிப்போட்ட காஞ்சிபுரம் இட்லியைப் பிட்டு வாயில் போட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு, “புத்தோ!” என்றார்.

“புட்டு இல்ல சார், இட்லி” என்றேன்.

இல்லையாம். அவர்கள் ஊரிலும் அரிசி மாவை ஆவியில் வேகவைத்து இப்படி ஒன்று செய்வார்களாம், அதற்குப் பெயர் புத்தோ. அவருடைய மூத்த அக்கா அதை விற்றுத்தான் தம்பிக்கு முதல் ஷூ வாங்கிக் கொடுத்தாளாம். அங்கிருந்துதான் அவர் கதை வந்தது. அதை ஜெனிஃபர் வாயால் துண்டு துண்டாகக் கேட்டேன்.

தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். வளர்த்தது அக்கா. ஏழு வயதில் சர்ச் திருவிழாவில் பாடினார், ஒரு கோழி பரிசு கிடைத்தது. அந்தக் கோழியை அறுக்கவே விடவில்லை அக்கா, அது முட்டை போட்டது. பத்தொன்பது வயதில் பாட்டும் ஆட்டமுமான படங்களில் கதாநாயகன். தெருவில் நடந்தால் பெண்கள் அவர் பாட்டையே அவருக்குத் திருப்பிப் பாடுவார்களாம். பிறகு அந்த மாதிரிப் படங்களின் காலம் முடிந்து துப்பாக்கிப் படங்கள் வந்தன. கதாநாயகனுக்கு நண்பன் ஆனார், பிறகு கதாநாயகனுக்கு அப்பா ஆனார். பிறகு யாருமே கூப்பிடவில்லை. ஹோட்டல் ஹோட்டலாகப் பாடும் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார். தொண்டையில் ஆபரேஷன் செய்ததும் பாட்டுக் குரலும் போயிற்று. அதன் பிறகும் குழுவை விடவில்லை, பின்னால் நின்று தாளம் தட்டினார். சென்னையில் ஒரு ஹோட்டலில் அப்படித் தட்டிக்கொண்டிருந்தவரைத்தான் இந்தப் படத்துக்குப் பிடித்து வந்திருந்தார்கள்.

இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரன் கதை போல. ஒரே ஒரு இடத்தில்தான் சிரிப்பு நின்றது.

“அக்காவுக்கு எண்பதுக்கு மேல ஆகுதாம்” என்றாள் ஜெனிஃபர். “இவர் பாடுறதை ஸ்கிரீன்ல இன்னொரு தடவை பாத்துட்டுத்தான் சாவேன்னு சொல்லியிருக்காங்களாம். யார் குரலா இருந்தாலும் பரவால்ல, இவர் மூஞ்சி பாடினா போதுமாம்.”

எனக்கு இவ்வளவு போதும். அன்றே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்: இவர் முகம் பாடியே தீர வேண்டும்.

பாட்டு சம்பந்திகள் ஒருவரை ஒருவர் கேலி செய்யும் பாட்டு. நம் பக்கக் கல்யாணங்களில் நலங்கு வைக்கும்போது பாடுவார்களே, அந்த மாதிரி. கோகிலா முதலில் பாடுவாள். அதற்குப் பதிலாக இவர்:

‘பட்டுல பாதி நூலு, பந்தியில பாதி தண்ணி,
பொண்ணை எங்க பக்கம் விட்டு
போ சம்பந்தி போ!’

கடைசி வரி நான்கு முறை வரும். தாளத்துக்குச் சரியாக ‘போ’ விழும்போது தெருப் பக்கம் விரல் நீட்டி, முகத்தைச் சுளித்து விரட்ட வேண்டும். டைரக்டர் தம்பி நடித்தே காட்டினார்.

ஜெனிஃபர் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதில் பட்டும் பாட்டும் ஒரே மாதிரி இருந்ததாம், இவர் பட்டுக்கு வாயை ஆவென்று திறந்தார். “பேப்பரை உள்ள வெச்சிடு சார், என் வாயைப் பாரு” என்றேன். பாதி நாளில் பிடித்துக்கொண்டார். பாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் அல்லவா. ப, ம வருமிடத்தில் உதடு கச்சிதமாக ஒட்டிப் பிரிந்தது. இரண்டாம் நாள் காலை டேக்குக்குப் போனோம்.

முதல் வரி தங்கம். இரண்டாவது வரியும் தங்கம். ‘போ’ வந்தது. விரல் நீட்ட வேண்டியவர் நெஞ்சில் கை வைத்தார். சுளிக்க வேண்டிய முகம் தாழ்ந்தது. கோகிலாவைக் கும்பிடாத குறைதான்.

“கட்! சார், நோ பௌ!” என்று, குனியக் கூடாதென்று கையைக் காட்டினார் டைரக்டர்.

“சாரி போ” என்று தலை தாழ்த்தினார்.

மறுபடி. ‘போ’ என்றதும் தலை தாழ்ந்தது. மறுபடி. தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார், கண் தாழ்ந்தது. மறுபடி. கண்ணையும் நிறுத்தினார், கை நெஞ்சுக்குப் போயிற்று. அறுபது வருடமாக அந்தச் சத்தத்தோடு சேர்ந்தே வளைந்த உடம்பு அது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று வளைந்தது.

மதியம் வரைக்கும் அதே கதி. டைரக்டர் தம்பி தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டார். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும், சாயங்காலம் அங்கே சாமிக்கு மண்டகப்படி. அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது.

“நாளைக்கும் இப்படித்தான்னா, அவர் முதுகை வெச்சி எடுத்துக்கறேன். கோகிலாக்கா ரியாக்ஷன், நடுவுல இவர் கை, ஷூ. பாட்டு முடிஞ்சிடும்” என்றார் ஜெனிஃபரிடம்.

தமிழில்தான் சொன்னார். ஆனால் பத்தொன்பது வயதிலேயே செட்டைப் பார்த்தவருக்கு, டைரக்டர் தன் முதுகைக் கையால் காட்டினால் புரியாதா? டோமிங் எழுந்து வந்து ஜெனிஃபரிடம் ஏதோ சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

“இன்னா சொன்னாரு?”

“முதுகு பாடினா என் அக்காவுக்கு என்னை அடையாளம் தெரியாதேன்னு சொல்றார் அக்கா.”

இங்கேதான் நான் பெரிய தப்பைச் செய்தேன், கவனமாகக் கேளுங்கள். இதை என்னிடம் விடு என்று டைரக்டரிடம் மார்தட்டினேன். டோமிங்கை மண்டபத்தின் பின்பக்கம் கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

“சார், அந்த போ உங்க ஊரு போ. அதை மறந்துடு. இது எங்க ஊரு போ. நாயை வெரட்டற போ. என்னைப் பாத்துச் சொல்லு.”

“போ” என்றார், குனிந்து.

“குனியாத. கோவமா!”

“போ” என்றார் கோபமாக, குனிந்து.

பந்தலில் கட்டியிருந்த வாழை மரத்தைத் தின்ன ஓர் ஆடு உள்ளே நுழைந்தது. நல்ல சந்தர்ப்பம் என்று, “அதை வெரட்டு சார்!” என்றேன். எழுந்து போனார். ஆட்டுக்கு முன்னால் நின்றார். நெஞ்சில் கை வைத்து, “போ” என்றார். ஆடு அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. இவ்வளவு மரியாதையாக யாரும் அழைத்ததில்லை என்பது போல இன்னும் ஓர் அடி உள்ளே வந்து இலையைக் கடித்தது.

கோகிலா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஆட்டுக்கும் சம்பந்தி மரியாதை! தாம்பூலப் பை ஒண்ணு குடுத்தனுப்பு!”

நான் சிரிக்கவில்லை. விடாமல் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை தலை தாழும்போதும் அவர் முகவாயைக் கையால் பிடித்து நிமிர்த்தினேன். நெஞ்சுக்குப் போன கையைத் தட்டிவிட்டேன். நூறு முறை, இருநூறு முறை இருக்கும். வெயில் சாய்ந்த நேரத்தில் ஒரு தடவை, அவருக்கே ஆத்திரம் வந்திருக்க வேண்டும், விரலை என் மூக்குக்கு நேரே நீட்டி, கண்ணை உருட்டி, “போ!” என்று கத்தினார்.

வளைவே இல்லை. அசல் காஞ்சிபுரத்துப் போ. சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் சேலையை உதறிக்கொண்டு எழுந்தேன். எவ்வளவு பெருமை எனக்கு!

அப்போது அவர் போன் அடித்தது. அவருடைய அக்கா, வீடியோவில். தினமும் அந்த நேரத்துக்கு இருவரும் பேசிக்கொள்வார்களாம். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார். சுருக்கம் விழுந்த சின்ன முகம், காதில் முத்து. என்னைப் பார்த்துக் கையசைத்தாள். பிறகு தம்பியிடம் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னார். கிழவியின் முகம் மாறியது. போனை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்து உற்றுப் பார்த்து, மறுபடி கேட்டாள். அவர் மழுப்பிச் சிரித்து, சீக்கிரமே போனை வைத்துவிட்டார்.

“இன்னா ஆச்சு, கேளு” என்றேன் ஜெனிஃபரிடம்.

அவள் அவரிடம் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

“சாப்பிட்டியான்னு கேட்டாங்களாம். அதுக்கு ‘ஆமாங்க’ன்னு சொல்ற வார்த்தை ‘ஓபோ’வாம். வாயில வரும்போதே விரலும் கூட எழுந்துச்சாம். அதனால ‘போ’ இல்லாம, சும்மா ஆமான்னு சொல்லிட்டாராம். பொறந்ததுலேர்ந்து அவங்ககிட்ட அப்படிப் பேசினதே இல்லியாம். யாரோட சண்டை போட்டேன்னு கேக்கறாங்களாம்.”

டோமிங் என் தோளைத் தட்டினார். “நோ ப்ராப்ளம் போ” என்று சொல்ல வந்தவர், ‘போ’வை விழுங்கிவிட்டு, “நோ ப்ராப்ளம்” என்றார்.

என்னை நம்பி வாயைத் திறந்த மனிதர். நான் என்ன செய்திருக்கிறேன்? ஒரு பாட்டுக்காக அவர் வாயில் குடியிருந்த ஒரு வார்த்தையைக் காலி செய்துவிட்டேன். முகம் பாட வேண்டும் என்று கேட்ட அந்த அக்காவிடமிருந்தே அதைப் பிடுங்கியிருக்கிறேன். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பும் வழியெல்லாம் கண்ணாடியில் தெரிந்த என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் போய்விட்டேன். டோமிங் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெனிஃபரை இழுத்து வந்து, “நான் சொல்றதை அப்படியே சொல்லு” என்றேன்.

“சார், நேத்து நான் சொன்னது தப்பு. எங்க ஊரு போ உனக்கு வேணாம். உங்க ஊரு போவையே சொல்லு. உங்கக்கா எதிர்ல நிக்கறதா நெனச்சிக்கினு சொல்லு. தலை தாழ்ந்தா தாழட்டும். வெளியிலேர்ந்து பாத்தா ரெண்டு போவுக்கும் உதடு ஒண்ணுதான்.”

ஜெனிஃபர் சொல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “டைரக்டர் ஒத்துக்க மாட்டாரு அக்கா.”

“அது என் பாடு. நீ இதைச் சொல்லு.”

டைரக்டர் தம்பி ஒத்துக்கொள்ளவில்லைதான். மணி பத்து. “அக்கா, இது கேலிப் பாட்டு. அந்த ஆளு சாமி கும்புடற மாதிரி நின்னா பாட்டு செத்துடும்.”

“தம்பி, உனக்குக் கல்யாணம் ஆச்சா?”

“அதுக்கென்ன இப்போ?”

“உங்க கல்யாணத்துல எந்தச் சம்பந்தி தம்பி வெரல் நீட்டித் திட்டினாங்க? ரெண்டு கையும் கூப்பிக்கினு, ‘எங்களுக்கு ஒண்ணும் கொறையில்லீங்க, பாயசத்துலதான் முந்திரியைக் காணோம்’னு சொல்லல? கும்புட்டுக்கினே குத்தறான் பாரு, அவன்தான் சம்பந்தி. வெரல் நீட்றவன் ரவுடி.”

பக்கத்தில் நின்ற கேமராமேன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவருக்கும் சம்பந்தி இருந்திருக்க வேண்டும். தம்பி சிரிக்கவில்லை, யோசித்தார்.

“ஒரு டேக். சரியா வரலைன்னா முதுகுதான்.”

“சரியா வரலைன்னா நாளையிலேர்ந்து என்னையும் கூப்பிடாத” என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளே, நெருக்கடியில் அடுத்தவர் முகத்தைப் பணயம் வைக்கும்போது நம்முடையதையும் கூட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் பேச்சை யார் கேட்பார்கள்?

பாட்டு ஒலித்தது. கோகிலா தன் பங்கைப் பாடி, இடுப்பில் கை வைத்து நின்றாள். டோமிங் ஓரடி முன்னால் வந்தார். பட்டுல பாதி நூலு, சரி. பந்தியில பாதி தண்ணி, சரி. நான் கேமரா பக்கத்தில் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தேன், அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

‘போ’ வந்தது. நெஞ்சில் கை வைத்து, முகமெல்லாம் பாசம் வழிய, அப்படி ஒரு வணக்கம். மேலே ஒலிபெருக்கியில் முரட்டுக் குரல், ‘போ சம்பந்தி போ!’ கீழே இந்தப் பூப் போன்ற பணிவு.

கோகிலாவுக்குக் கோபப்படச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தாள். இரண்டாவது ‘போ’வுக்கு, விட்டுக்கொடுக்கக் கூடாதென்று, அவளும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டாள். மூன்றாவதற்கு அவர் இன்னும் கீழே குனிந்தார். அவள் அதற்கும் கீழே. நான்காவதற்கு இருவர் தலையும் முட்டி, கோகிலாவின் கொண்டைப் பூ அவர் தோளில் விழுந்தது. தாம்பாளம் பிடித்து நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பு யாரும் சொல்லிக்கொடுத்தது அல்ல. டைரக்டர் தம்பி கட் சொல்ல மறந்து, தொப்பியால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு மண்டபத்தைப் பெருக்கிக் கொடுத்துவிட்டோம்.

கிளம்பும்போது டோமிங் என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். மூத்தவர்களிடம் ஆசி வாங்க அவர்கள் ஊரில் அப்படித்தானாம். ஜெனிஃபர் நம் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தாள் போல. எல்லோரையும் பார்த்து மரியாதையாக, “போயிட்டு வரேன் போ” என்றார்.

“வர்றியா, போறியா? ஒண்ணைச் சொல்லுயா!” என்றாள் கோகிலா. சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படம் வந்தபோது நம் ஊர்த் தியேட்டரில் பார்த்தேன். திரை முழுக்க அவர் முகம், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு மூன்றாவது ‘போ’ காதில் விழவில்லை. அந்தப் பாட்டை ஜெனிஃபர் அவருடைய அக்காவுக்கு அனுப்பியிருக்கிறாள். அவள் பார்த்துவிட்டுப் பேசியதை டோமிங் பதிவு செய்து திருப்பி அனுப்பினார், அர்த்தத்தையும் ஆங்கிலத்தில் சொல்லி. ஜெனிஃபர் என் வீட்டுக்கே வந்து போட்டுக் காட்டினாள்.

கிழவி சொன்னது இதுதான்: “குரல் யாருடையதோ. பேச்சும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தப் போ என் தம்பியுடையது. நான் சொல்லிக்கொடுத்தது.”

எனக்கு வேறு விருது கிடையாது. இது போதும்.

நாம் வேலை செய்வது அடுத்தவர் வாய்க்குள்ளே, பிள்ளைகளே. அங்கே ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. நம் வார்த்தையை உள்ளே வைக்கும்போது அங்கிருக்கும் வார்த்தையின் கால் மிதிபடுகிறதா என்று பார்த்து வையுங்கள். வேறொன்றும் சொல்ல எனக்குத் தெரியாது.

அம்மாடி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும். பேனாவை மூடு. இப்போது முதலிலிருந்து படி, கேட்கிறேன். அவசரப்படாதே. நான் சொல்லாததை நீ அழகுக்குச் சேர்த்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். குனிந்து முணுமுணுக்காமல் இந்தப் பக்கம் திரும்பி உட்கார், உன் வாய் எனக்குத் தெரிய வேண்டும்.